மலை மூடின பிறகு ஆடு என்ன தின்னுச்சு?

போன வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு தப்பு பண்ணினேன். அந்தத் தப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரையே ஆரம்பம். அதனால அதை முதல்ல சொல்லிடறேன்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) தேவாரத்தில் வெள்ளாடு வளர்க்கிறார். பெருசா பண்ணை எல்லாம் இல்லை. தாய் ஆடு பதினைஞ்சு, குட்டிகள் இருபது சொச்சம், ரெண்டு கிடா. வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை, கொடாப்பு, ஒரு தொரட்டிக் கம்பு. அவ்வளவுதான் முதலீடு. அந்தப் பொங்கலுக்கு அவர் ஒரே புலம்பல். தீவன மூட்டை விலை ஏறிப்போச்சு, கடலைப் புண்ணாக்கைத் தொட முடியலை, குட்டி எடை ஏறலைன்னா வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேக்கறான், இப்படி.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்கிட்ட ஒரு பிரச்சினையைச் சொன்னா உடனே எக்செல் திறந்துடுவேன். வளர்ற குட்டிக்குக் கொடுக்கிற அடர்தீவனத்தில் 16-லிருந்து 18 சதவீதம் புரதம் வேணும். எதுல புரதம் அதிகம், எதுக்குக் காசு கம்மின்னு ஒரு பட்டியல் போட்டேன். முதல் இடத்தில் வந்தது சவுண்டல் இலை. காய்ந்த எடையில் 20-லிருந்து 25 சதவீதம் புரதம், விலை பூஜ்யம், ஓடைக்கரை முழுக்க மரம். "மாமா, புண்ணாக்கை நிறுத்துங்க, குட்டிகளுக்குச் சவுண்டல் மட்டும் ஒடிச்சுப் போடுங்க"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு போன். "மாப்ள, குட்டிக்கெல்லாம் மொட்டை போட்டாச்சு. எந்தக் கோயிலுக்குன்னு நீயே சொல்லு."

நிஜமாவே முடி கொட்டியிருந்தது. முதுகு, வால் பக்கம் எல்லாம் கொத்துக் கொத்தா. ஒரு குட்டி தீனியையே தொடலை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துட்டு, சவுண்டலை நிறுத்தச் சொல்லி, மெதுவாச் சரியாச்சு. மாமா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப உறுத்திச்சு. அப்ப ஒரு கேள்வி வந்தது. ஆடு ஆயிரக்கணக்கான வருஷமா இந்த மலையடிவாரத்தில் இருக்கு. தீவன மூட்டை வந்து எத்தனை வருஷம் ஆச்சு? அதுக்கு முன்னாடி குட்டிக்குப் புரதம் எங்கிருந்து வந்துச்சு? அது எப்ப, ஏன் காசாச்சு?

அதைத் தேடிப் படிச்சதும், ஊர்ல பெரிய ஆட்கள்கிட்ட கேட்டதும்தான் கீழே இருக்கு.

தொரட்டிக்கு எட்டின தூரம்

தேவாரம் தெரியாதவங்களுக்கு: தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா, கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம். ஊருக்கு மேற்கே நின்னு பார்த்தா சுவர் மாதிரி மலை. அந்தச் சுவருக்கு மேல ஏலக்காய் மலை, அதாவது இன்னைக்குக் கேரளாவில் இருக்கிற உடும்பன்சோலைப் பக்கம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரிச்சப்ப கோடு மலை மேல விழுந்தது. ஆனா வேலைக்குப் போறது இன்னைக்கும் இங்கிருந்துதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, எங்க ஊருக்கு நேர் மேல சாக்குலூத்து மெட்டு. காலைல ஜீப்புல தொங்கிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போற பெண்களைப் பார்க்காம இந்தப் பக்கம் யாரும் வளர்ந்திருக்க முடியாது.

மலைக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கிற சரிவுதான் நம்ம கதைக்களம். மேல ஏலக்காடு ஈரம், கீழ பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாறு தண்ணி, நடுவுல மட்டும் முள்ளும் புதரும். விவசாயத்துக்கு உதவாது. ஆட்டுக்கு அதுதான் சொர்க்கம்.

காரணம் இருக்கு. மாடு குனிஞ்சு புல் மேயற ஜாதி. வெள்ளாடு தலையைத் தூக்கி, ரெண்டு கால்ல நின்னு, இலையும் கொழுந்தும் காயும் கடிக்கிற ஜாதி. காய்ந்த புல்லில் புரதம் 4, 5 சதவீதம்கூடத் தேறாது. மர இலையிலும் நெத்திலும் அதைவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும். ஆடு தன் உதட்டாலேயே சத்துள்ளதைப் பொறுக்கி எடுத்துக்கும். எங்க அம்மாச்சிக்குப் புரதம்கிற வார்த்தையே தெரியாது. "மேஞ்ச குட்டி மினுக்கும், கட்டிப்போட்ட குட்டி கறுக்கும்"னு மட்டும் தெரியும். ரெண்டும் ஒண்ணுதான்.

ஆக, ஆட்டுக்குப் புரதம் இலவசமா இருந்ததுக்குக் காரணம் ஆடு இல்லை. மலை திறந்து இருந்தது.

1882

மலை ஒரே நாளில் மூடலை. ஆனா தேதி சொல்லச் சொன்னா 1882-ன்னு சொல்லலாம். அந்த வருஷம்தான் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. (இன்னைக்கும் தமிழ்நாடு வனச் சட்டம்னு இருக்கிறது அதேதான், பேர்தான் மாறியிருக்கு.) காப்புக்காடு என்கிற கருத்து நம்ம ஊர்களுக்கு வந்தது இதன் வழியாத்தான். அதுக்கு முன்னாடி ஊர் வழக்கமா இருந்தது எல்லாம் அனுமதிச் சீட்டு, கட்டணம், அபராதம்னு ஆச்சு.

வனத்துறைக்காரர்களுக்கு மாட்டைவிட ஆட்டைக் கண்டாத்தான் ஆகாது. மாட்டுக்குச் சீட்டு கிடைக்கிற இடத்தில்கூட ஆட்டுக்குக் கிடைக்காது. அவங்க பக்கமும் நியாயம் உண்டு, மறைக்க வேணாம். மரக்கன்றின் கொழுந்தை ஆடு கடிச்சிடும். கொழுந்து போனா மரம் எழும்பாது. தொரட்டியும் அரிவாளும் கொண்டு போற ஆள் கிளையையே இறக்கிடுவான். ஆனா கீழே இருக்கிறவனுக்கு அது வயித்துப்பாடு. புகார்கள் அவ்வளவு குவிஞ்சதாலதான் மெட்ராஸ் அரசாங்கம் ஒரு வனக் குழுவே போட்டது. 1913-ல் அதன் அறிக்கை வந்தது. கிராமத்துக்காரர்கள் சொன்ன குறைகளில் மேய்ச்சல் பெரிய பங்கு. வன பஞ்சாயத்துகள்னு ஊர்க்காரங்க கையில் கொஞ்சம் காட்டைக் கொடுத்துப் பார்த்தது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அதனால ஆடு செத்துப் போயிடலை. ஆடு வளர்க்கிறவன் வேற வழி தேடினான். எந்தத் தொழிலின் கழிவு எங்க கிடைக்குதோ அங்க போனான். நம்ம பக்கத்து ஆட்டுத் தீவனத்தின் வரலாறு, மத்த பயிர்களோட கழிவின் வரலாறுதான். இதை நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

கொடிக்கால் அகத்தி

முதல் உதாரணம் சின்னமனூர். அங்க வெற்றிலைக் கொடிக்கால் பேர் போனது. வெற்றிலைக் கொடி படர ஒரு மரம் வேணும், நிழலும் வேணும். அதுக்கு அகத்தியை நெருக்கமா விதைச்சு வளர்ப்பாங்க. வெயில் வேணும்கிறப்ப அகத்திக் கிளையைக் கழிச்சு விடணும். கழிச்ச குழையை என்ன பண்றது? கட்டுக் கட்டா ஆட்டுக்குப் போகும். அகத்தி இலையில் காய்ந்த எடைக்குக் கால்வாசி புரதம். கடையில் விக்கிற எந்தக் குட்டித் தீவனத்தையும்விட அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது, அகத்தியை யாரும் ஆட்டுக்காக நடலை. வெற்றிலைக்காக நட்டது. அதனாலதான் மலிவு. வெற்றிலை போடற பழக்கம் குறைஞ்சு கொடிக்கால் சுருங்கினா, ஆட்டுத் தீவனமும் சேர்ந்து சுருங்கும். தாம்பூலத் தட்டுக்கும் கிடாக்குட்டிக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

இதே கணக்குதான் துவரம்பொட்டு, உளுந்தம்பொட்டு, கடலைக்கொடி எல்லாம். மனுஷன் பருப்பை எடுத்துக்கிட்டு ஒதுக்கினது.

மணிலாவிலிருந்து வந்த கொட்டை

புண்ணாக்குன்னாலே இன்னைக்கு நமக்குக் கடலைப் புண்ணாக்குதான். ஆனா நிலக்கடலை நம்ம ஊர்ப் பயிரே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது. மணிலாக்கொட்டைன்னு பேர்லயே வந்த வழி இருக்கு. மல்லாட்டைன்னு வட மாவட்டத்துல சொல்றதும் மணிலாக்கொட்டை திரிஞ்சதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் தென்னாற்காடு பக்கம் கடலை வெறியோட பரவிச்சு. காரணம் நம்ம நாக்கு இல்லை, பிரான்சு நாட்டு மார்செய் துறைமுகத்தின் எண்ணெய், சோப்பு ஆலைகள். பாண்டிச்சேரி வழியா கப்பல் கப்பலா கடலை போச்சு. இங்க ஒரு விஷயம் யோசிங்க. கடலையை முழுசா ஏத்துமதி பண்ணினா எண்ணெய் மட்டும் போகலை, புண்ணாக்கும் சேர்ந்து போகுது. மார்செய்யில் ஆட்டின பிறகு மிஞ்சற புண்ணாக்கை அந்த ஊர் மாடு தின்னும். நம்ம மண்ணில் விளைஞ்ச புரதம், நம்ம ஆட்டுக்கு இல்லை.

இதை அந்தக் காலத்திலேயே ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்னு ஒரு ஆங்கில விவசாய ரசாயன நிபுணர். இந்தியா முழுக்கச் சுத்திட்டு 1893-ல் இந்திய விவசாய மேம்பாடு பற்றி அறிக்கை கொடுத்தார். எண்ணெய் வித்துக்கள் நாட்டை விட்டுப் போறப்ப மண்ணின் சத்தும் கூடவே போகுதுன்னு அவர் கவலைப்பட்டார். நம்ம விவசாயிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்த காலத்தில், அவங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்குன்னு எழுதின மனுஷன். இன்னும் கொஞ்சம் பிரபலமாகி இருக்கலாம்.

உள்ளூர்ச் செக்குகள் பெருகின பிறகு புண்ணாக்கு ஊரிலேயே தங்க ஆரம்பிச்சது. அதில் 40 சதவீதத்துக்கும் மேல புரதம். மாட்டுக்கு, ஆட்டுக்கு, வயலுக்கு உரமாக்கூட. கூடவே ஒரு ஆபத்தும் வந்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீர்னு செத்து விழுந்தன. என்ன நோய்னு தெரியாம வான்கோழி எக்ஸ் நோய்னு பேர் வெச்சாங்க. கடைசில பார்த்தா பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அந்தப் பூஞ்சையோட பேரிலிருந்துதான் அஃப்ளடாக்சின்கிற வார்த்தையே பிறந்தது. ஐப்பசி அடைமழையில் எங்க மாமா புண்ணாக்கு மூட்டையைப் பலகை மேல ஏத்தி வெச்சு, பச்சை பூத்த கட்டியைத் தூக்கி எறியறதைப் பார்த்து "என்ன மாமா, காசைக் குப்பைல போடறீங்க"ன்னு கேட்டிருக்கேன். அவருக்கு வான்கோழி கதை தெரியாது. ஆனா எறியத் தெரிஞ்சிருந்தது.

இலவு காத்த கிளியும், கொட்டை தின்ன ஆடும்

இனி நம்ம ஊர் சரக்கு. போடிநாயக்கனூர்னா வெளியூர்க்காரங்களுக்கு ஏலக்காய். எங்களுக்கு இலவம் பஞ்சும்தான். போடி, தேவாரம், வருஷநாடு பக்கம் மலைச்சரிவுத் தோட்டங்களில் இலவ மரம் நிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் காய் முத்தி வெடிக்கும் முன்னாடி ஏறி உதிர்ப்பாங்க. ஓட்டை உடைச்சு, பஞ்சைப் பிரிச்சு, மெத்தை தலையணைக்கு அனுப்புவாங்க. அந்தச் சீசனில் பஞ்சுப் பேட்டைப் பக்கம் போனா, தலைமுடி எல்லாம் வெள்ளையாத்தான் திரும்பி வரணும்.

(பழைய பாட்டுகளில் வர்ற சிவப்புப் பூ இலவம் வேற, இந்தக் காப்பு மெத்தை இலவம் வேற. முன்னது நம்ம நாட்டு மரம். பின்னதுக்குப் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி உலகத்துக்கே இந்தப் பஞ்சை அனுப்பினது ஜாவாதான். தண்ணியில் ஊறாது என்பதால் கப்பல்களின் உயிர்காப்பு உடைக்குள்ள இதைத்தான் அடைச்சாங்க.)

பஞ்சு போனா மிஞ்சறது மிளகு மாதிரி கறுப்புக் கொட்டை. அதை ஆட்டினா எண்ணெய், எண்ணெய் போனா புண்ணாக்கு. புரதம் கால் பங்குக்கு மேலேயே தேறும். கடலைப் புண்ணாக்கு விலையில் பாதிகூட இருக்காது. இலவு காத்த கிளிதான் ஏமாந்துச்சு. பக்கத்தில் நின்ன ஆடு ஏமாறலை.

ஆனா இதிலும் ஒரு வினை உண்டு. இலவங்கொட்டை எண்ணெயில் ஒரு தனி வகைக் கொழுப்பு அமிலம் இருக்கு, பருத்திக்கொட்டையிலும் கொஞ்சம் உண்டு. கோழிக்குப் போட்டா முட்டையின் வெள்ளைக்கருவே ரோஸ் நிறமாகும். அசைபோடற பிராணிகள் ஓரளவு தாங்கும். அதனாலதான் பழைய ஆட்கள் இதைத் தவிட்டோட கலந்து, பெரிய ஆட்டுக்கு ஒரு கை, குட்டிக்கு ஒரு சிட்டிகைன்னு வெச்சிருக்காங்க. யாரும் அவங்களுக்கு வேதியியல் சொல்லித் தரலை. எத்தனை ஆட்டை இழந்து அந்தக் கைப்பிடி அளவைக் கண்டுபிடிச்சாங்களோ.

ரப்பர் நுரை மெத்தை வந்த பிறகு இலவம் பஞ்சுக்குப் பழைய மவுசு இல்லை. பஞ்சு குறைஞ்சா கொட்டை குறையும். வெற்றிலை கதையேதான்.

நெத்து

சீமைக்கருவேலத்தை எல்லாரும் திட்டறோம். அது வந்த கதையும் நம்ம மாகாணத்துக் கதை. வறட்சி நிலத்துக்கு ஆகும்னு மெட்ராஸ் வனத்துறை அதிகாரி பெட்டோம் விதை கேட்டு எழுதி, ஜமைக்காவிலிருந்து வந்த விதையை 1877-ல் கடப்பாவில் நட்டாங்க. தாது வருஷப் பஞ்சம் நாட்டைத் தின்னுக்கிட்டிருந்த நேரம் அது. அதன் இலையை ஆடு தொடாது. ஆனா மஞ்சளாப் பழுத்த நெத்து இனிப்பா இருக்கும், ஓடி ஓடிப் பொறுக்கும். புரதம் 12 சதவீதம் இருக்கும்.

சிக்கல் என்னன்னா, உள்ள இருக்கிற விதை செரிக்காது. முழுசா புழுக்கையோட வெளிய வந்து, எருவும் சேர்ந்து, போற இடமெல்லாம் முளைக்கும். மரத்தை நட்டது அரசாங்கம், பரப்பினது ஆடு. நெத்தைக் காயவெச்சு அரைச்சுப் போட்டா ரெண்டு லாபம்: விதையின் புரதமும் ஆட்டுக்குக் கிடைக்கும், மரமும் பரவாது. நாட்டுக் கருவேல், வெள்வேல் நெத்துக்கும் இது பொருந்தும்.

அதிசய மரமும் ஆஸ்திரேலியரும்

இப்ப என்னைக் கவுத்த சவுண்டலுக்கு வருவோம். இதுக்கும் ஊர் மெக்சிகோ. ஸ்பெயின்காரர்கள் கப்பலில் ஆடு மாடுகளுக்குத் தீனியா பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு வந்ததாச் சொல்றாங்க. மறுபடியும் மணிலா!

1970-களில் இதுக்குத் திடீர்னு அதிர்ஷ்டம் அடிச்சது. வேகமா வளரும், விறகாகும், மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும், இலையில் புரதம். 1977-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதைப் பத்தித் தனிப் புத்தகமே போட்டது. அதிசய மரம்னு பேராச்சு. இந்தியாவில் புனே பக்கம் உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் நடத்தின பைஃப் நிறுவனம் இதைக் கிராமம் கிராமமாக் கொண்டு போச்சு. சுபாபுல்னு பேர். நம்ம ஓடைக்கரையிலும் வேலி ஓரத்திலும் இருக்கிறது இதன் பேரப்பிள்ளைகள்தான். 1988-ல் ஒரு சின்ன ஒட்டுண்ணிப் பூச்சி இந்தியாவுக்கு வந்து கொழுந்தை எல்லாம் உறிஞ்ச, அதிசயம் பாதியாக் குறைஞ்சது.

இலையில் மிமோசின்னு ஒரு பொருள் இருக்கு. அது முடியின் வேரில் கை வைக்கும். குட்டிகள் மொட்டையானது இதனாலதான். வயித்தில் இருக்கிற நுண்ணுயிர்கள் மிமோசினை உடைக்கும். ஆனா உடைஞ்சு வர்ற அடுத்த பொருள் தைராய்டைக் கெடுக்கும், கழுத்தில் வீக்கம் வரும். ஆஸ்திரேலியாவில் இந்த மரத்தை மேய்ஞ்ச கால்நடைகள் இப்படித்தான் நோவுபட்டன.

அங்க சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ரேமண்ட் ஜோன்ஸ்னு ஒரு விஞ்ஞானி. ஹவாய் தீவில் அதே மரத்தை நிறையத் தின்கிற ஆடுகளுக்கு ஒண்ணுமே ஆகலைங்கிறதைக் கவனிச்சார். ஆடும் ஆடுதான், மரமும் அதே மரம். அப்ப வித்தியாசம் வயித்துக்குள்ளதான் இருக்கணும்னு 1981-ல் எழுதினார். இந்தோனேசியா ஆட்டின் இரைப்பைத் திரவத்தை எடுத்து ஆஸ்திரேலிய ஆட்டுக்கு விட்டுப் பார்த்தாங்க. அந்த ஆடும் நஞ்சை முறிக்க ஆரம்பிச்சது. ஒரு மந்தையில் ஒண்ணு ரெண்டுக்குக் கொடுத்தா மத்ததுக்குத் தானாவே பரவிச்சு. அந்த வேலையைச் செய்யற பாக்டீரியாவை ஹவாய் ஆட்டிலிருந்து பிரிச்சு எடுத்து, 1992-ல் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்ஸியைன்னு அவர் பேரையே வெச்சாங்க.

இதைப் படிச்சப்பதான் என் எக்செல்லில் என்ன விட்டுப்போச்சுன்னு புரிஞ்சது. நான் போட்டது தீவனத்தின் பட்டியல். ஆனா ஆட்டுக்கு நாம போடறது ஆட்டுக்கே நேராப் போறதில்லை. முதல்ல வயித்தில் இருக்கிற நுண்ணுயிர்களுக்குப் போகுது, அதுகள் தின்னு பெருகி, அதுகளைத்தான் ஆடு செரிக்குது. ஃபின்லாந்துக்காரர் விர்த்தனன் (1945-ல் வேதியியல் நோபல் வாங்கினவர்) மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீனியில் யூரியாவைச் சேர்த்துக் கொடுத்து, அதிலேயே பால் கறந்து காட்டி 1966-ல் வெளியிட்டார். எல்லாம் நுண்ணுயிர் உபயம். (இதைப் படிச்சுட்டு யூரியா மூட்டையைப் பிரிச்சுடாதீங்க. அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆடு செத்துப்போகும்.) நுண்ணுயிர்க் கூட்டத்துக்குப் புது உணவு பழக வாரக்கணக்கில் ஆகும். குட்டிக்கு அந்தக் கூட்டமே முழுசாச் சேர்ந்திருக்காது. நான் ஒரே நாளில் மாத்தச் சொன்னேன். மேயற ஆடு ஒரே இலையை வயிறு முட்டத் தின்னாது, நூறு செடியில் வாய் வெச்சு நகரும். அந்த நகர்வுதான் அதுக்கு மருந்து. மலையை மூடினப்ப அதையும் சேர்த்துத்தான் மூடினோம்.

நாலு ஆடு, ஒரு தொட்டி

கிட்டத்து வரலாறுக்கு வர்றேன். 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடு மாடு திட்டத்தைத் தொடங்கிச்சு. ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு. எங்க தெருவிலேயே வாங்கினவங்க இருக்காங்க. நிறையப் பெண்களுக்கு அது முதல் சொத்து. ஆடு வந்துச்சு, மேய்ச்சல் நிலம் கூட வரலை. காலியா இருந்த புறம்போக்கும் பிளாட்டாகிட்டு இருந்தது.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாத்திலும் மேய்ச்சலுக்குத் தடைன்னு சொல்லி, சில நாளில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும்னு திருத்திச்சு. மேகமலை பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்கு, எங்க சரிவு மேற்கே. இருந்தாலும் அந்த ரெண்டு வாரம் மலைமாடு வெச்சிருக்கிறவங்க முகத்தில் ஈயாடலை. 1882 இன்னும் முடியலை.

இந்த நெருக்கடியில்தான் புதுப் புதுத் தீவனம் எல்லாம் பேர் எடுக்குது. வேலிமசால், கிளைரிசிடியா, அசோலா. அசோலாவைக் கால்நடைத் தீவனமாப் பரப்பினதில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்புக்கும், அங்க வேலை செஞ்ச கமலாசனன் பிள்ளைக்கும் பெரிய பங்கு உண்டு. மாமாவும் ஒரு தொட்டி போட்டார். சித்திரை வெயிலில் வெந்து செத்துச்சு. தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற தெருவில் அசோலாவுக்குத் தண்ணி ஊத்தறதுக்கு அத்தை சம்மதிக்கவும் இல்லை.

அசோலாவில் 20, 25 சதவீதம் புரதம்னு எங்கேயும் போட்டிருக்கும். உண்மைதான், காய்ந்த எடையில். பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93 பங்கு தண்ணி. தோராயமாக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கின் புரதத்துக்கு ஈடா பச்சைச் சவுண்டல் ஏழு கிலோ, பச்சை அகத்தி எட்டு கிலோ, பச்சை அசோலா முப்பது கிலோ வேணும். ஏழும் எட்டும் ஒரு ஆள் தலைச்சுமை. முப்பது கிலோவுக்குத் தொட்டி எத்தனை கட்டறது? சதவீதத்தை மட்டும் பார்க்கிறவன் (நான்தான்) மொட்டைதான் போடணும்.

இப்ப கொட்டகையில்

பட்டியலை ஒரு தடவை திரும்பப் பாருங்க. நிலக்கடலை, சவுண்டல், இலவம், சீமைக்கருவேல், வேலிமசால், கிளைரிசிடியா: எல்லாமே அமெரிக்கக் கண்டத்து ஆட்கள். நாட்டுத் தீவனம்னு நாம பெருமையாச் சொல்றதில் பாதி, நம்ம பாட்டன் காலத்தில் புது வரவு. ஒவ்வொண்ணும் அதிசயமா வந்து, ஒரு வினையைக் காட்டி, அளவு கத்துக்கொடுத்து, அப்புறம் ஊர்ச் சரக்காச்சு. எது வேற ஒரு பயிரோட கழிவா இருந்துச்சோ அது மலிவா இருந்தது. அதுக்கே ஒரு பேரும் மூட்டையும் வந்த நாளில் விலையும் வந்துடுச்சு.

மாமாவும் நானும் இந்தத் தடவை சேர்ந்து உட்கார்ந்து பேசினோம், எக்செல் இல்லாம. இப்ப குட்டிகளுக்கு ஓடுறது இதுதான். காலைல துவரம்பொட்டும் தவிடும், அதில் இலவம் புண்ணாக்கு கொஞ்சமா. மதியம் ரெண்டு மணி நேரம் ஓடைக்கரையில் மேய்ச்சல். சாயங்காலம் குழை, அதில் சவுண்டல் மூணில் ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, மீதி அகத்தியும் வேம்பும் கிடைக்கிறதும். கோடையில் அரைச்ச நெத்து. கடலைப் புண்ணாக்கு பால் மறக்கிற குட்டிக்கு மட்டும். புதுசா எதைச் சேர்த்தாலும் ஒரு கைப்பிடியில் ஆரம்பிச்சு மூணு வாரம். தீவன மூட்டை வாங்கறது பாதிக்கும் கீழ வந்திருக்குன்னு மாமா சொல்றார். எடையைப் பத்திச் சொல்ல இன்னும் ஒரு ஈத்து பார்க்கணும்.

கிளம்பறப்ப, மொட்டையான குட்டிகளில் ஒண்ணைக் காட்டினார். இப்ப அது நல்ல கிடா, முடி கருகருன்னு இருக்கு. "இதை விக்க மாட்டேன் மாப்ள. உன் பேர்ல நேர்ந்து விட்டிருக்கேன்"ன்னார்.

நேர்ந்து விட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கலை. அது என் கையில் இருந்த அகத்திக் குழையை இழுத்துத் தின்னுக்கிட்டு இருந்தது.